ஹௌட்டன்: வட்டச்சாலைக்குள் ஓர் ஊர்

மார்ச் 4, செவ்வாய்

நெதர்லாந்தின் உட்ரெக்ட் நகரத்திலிருந்து ரயில் ஏறினால் பத்து நிமிடத்துக்குள் ஹௌட்டன். 1960களில் பழத்தோட்டங்களுக்கு நடுவே சில ஆயிரம் பேர் இருந்த கிராமம் இது. உட்ரெக்ட்டில் இடம் போதாமல் அரசு இதை வளர்க்க முடிவு செய்தது. இன்று ஏறக்குறைய 50,000 பேர். 1968இல் திட்டம் வரைந்தவர் ராப் டெர்க்ஸ். ஊரை ஊடறுத்துப் போகக் கார்களுக்கு அவர் வழியே வைக்கவில்லை. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

மார்ச் 5, புதன்

புதிதாகக் கார் ஓட்டி வருபவர்கள் தடுமாறும் இடம் ஒன்றுதான். போகவேண்டிய வீடு அடுத்த குடியிருப்பில், கண்ணுக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நடுவே இருப்பதோ சைக்கிள் பாதை. கார் வெளியே, ஊரைச் சுற்றி ஓடும் வட்டச்சாலைக்குப் போய், சுற்றி, அந்தக் குடியிருப்புக்கான திருப்பத்தில்தான் உள்ளே நுழைய வேண்டும். சைக்கிளில் இரண்டு நிமிடம். ஆகவே கிளம்புமுன் குடியிருப்பின் பெயரைக் கேட்டுக்கொள்வது நல்லது. தெருப்பெயரின் வாலே பல இடங்களில் அதைச் சொல்லிவிடும்: '-கில்ட' என்று முடிந்தால் கில்டன், '-ஊர்ட்' என்று முடிந்தால் ஊர்டன்.

சிவப்புத் தார் போட்ட சில தெருக்களில் கார் போகலாம். ஆனால் பலகை 'கார் இங்கே விருந்தாளி' என்கிறது. சைக்கிளின் பின்னால் பொறுமையாகப் போக வேண்டும்.

மார்ச் 8, சனி

வட்டச்சாலையைக் கடக்கும் சுரங்கப்பாதையைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சாலையைக் கொஞ்சம் உயர்த்தி, பாதையைக் கொஞ்சம் தாழ்த்தியிருக்கிறார்கள். முழு ஆழத்தையும் சைக்கிள் தலையில் கட்டியிருந்தால் ஏற்றம் செங்குத்தாகி, பிள்ளையைப் பின்னால் வைத்து ஓட்டும் தாய் இறங்கித் தள்ள வேண்டியிருக்கும். இங்கே இறக்கத்தில் கிடைத்த வேகமே பாதி ஏற்றத்துக்குப் போதும். உள்ளே நுழையும்போதே மறுமுனை தெரிவதால் இரவிலும் அச்சமில்லை.

மார்ச் 10, திங்கள்

காலையில் ஊரே நிலையத்துக்குப் போகிறது. தண்டவாளம் மேலே, அதன் அடியிலேயே 3,000க்கும் மேற்பட்ட சைக்கிள்களுக்கு இடம். பூட்டிவிட்டுப் படியேறினால் நடைமேடை. நாலு தண்டவாளமாக அகலப்படுத்தியபோது 2010இல் தெற்கே 'ஹௌட்டன் காஸ்டெல்லம்' என்ற இன்னொரு நிலையமும் வந்தது. அதற்குமுன், 2001 முதல் 2008 வரை, அந்தப் பகுதிக்கு ஒரு டிராம் மட்டும் ஓடியது.

'சைக்கிள் நகரம்' விருது 2008இலும் 2018இலும் கிடைத்தது. அதனால் வீட்டு வாசல்களில் கார் இல்லை என்று எண்ண வேண்டாம். ஊருக்குள் சைக்கிள், வெளியூருக்குக் கார் என்பதே வழக்கம். வட்டச்சாலை அதற்கும் வசதிதான்.

மார்ச் 15, சனி

பழைய கிராமம் ரைன் ஆற்றின் பழங்கிளை ஒன்று மணல் சேர்த்துவிட்டுப்போன மேட்டில் இருக்கிறது. ரோமர் காலத்திலேயே இங்கே குடியிருந்தார்கள். தெற்கே ஸ்கால்க்வைக் பக்கம் நிலம் தாழ்ந்து களிமண்ணாகிறது. நீள நீளமான வயல்கள், இடையிடையே வாய்க்கால்கள். அதற்கும் அப்பால் லெக் ஆற்றின் கரை. வீடுகள் முடிந்ததும் மறைப்பு எதுவும் இல்லை. தென்மேற்குக் காற்று பலமாக அடிக்கிற நாளில், போகும்போதே எதிர்காற்றில் மிதித்துவிட்டால் திரும்பும் வழி சுலபம்.