பாதிக் கிரீட் போதும்

வரும் ஜூன் பள்ளி விடுமுறையில் கிரேக்கத் தீவு ஒன்றுக்குப் போவதென வீட்டில் முடிவானதும், செய்தியைக் கேட்ட நண்பர்களில் பெரும்பாலோர் "சாண்டோரினிதானே?" என்றார்கள். வெள்ளைச் சுவரும் நீலக் குவிமாடமும் தெரியும் அந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் இல்லை. ஆனால் எரிமலை வெடித்துச் சரிந்ததில் மிஞ்சிய விளிம்பின் மீது அமைந்த தீவு அது. ஊர்கள் மலை உச்சியிலும் படிக்கட்டுகளிலும் இருக்கின்றன. பேர்போன கடற்கரைகளில் கறுப்பும் சிவப்புமான எரிமலை மணலும் கூழாங்கல்லும் நண்பகலில் காலைச் சுடும். நாள் முழுக்கக் கடலில் கிடக்க ஆசைப்படும் தொடக்கநிலை நான்கு மாணவன், இடிபாடுகளைப் பார்க்காமல் எந்த ஊரையும் விட்டு வராத என் கணவர், முழங்கால் வலியுள்ள, சைவம் மட்டுமே உண்ணும் அத்தை, சாப்பாட்டை முன்னிட்டே பயணம் போகும் நான் என நால்வரையும் ஒரே இடத்தில் திருப்திப்படுத்த வேண்டுமென்றால் அதற்குக் கிரீட்தான் சரியான தீவு என்பது என் முடிவு.

கிரீட் பெரிய தீவு என்பது எல்லாருக்கும் தெரியும். எவ்வளவு பெரியது என்பதைத்தான் சிங்கப்பூரில் வாழும் நாம் சரியாக உணர்வதில்லை. அதன் பரப்பு சுமார் 8,300 சதுரக் கிலோமீட்டர். அதாவது நம் நாட்டைப்போல் ஏறத்தாழ பதினொரு மடங்கு. கிழக்கு மேற்காக 260 கிலோமீட்டர் நீளம். நடுவே மலைத்தொடர்கள் குறுக்கிடுகின்றன. அவற்றில் மிக உயரமான பிசிலோரிடிஸ் 2,456 மீட்டர். துவாஸிலிருந்து சாங்கிக்குத் தீவு விரைவுச்சாலையில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடும் பழக்கத்தில் வரைபடத்தைப் பார்த்தால் எல்லாமே பக்கத்தில் இருப்பதுபோல்தான் தோன்றும். சுற்றுலா முகவர் ஒருவர் எங்களுக்கு அனுப்பிய பயண நிரலில் மேற்குக் கோடியும் கிழக்குக் கோடியும் ஒரே வாரத்தில் அடங்கியிருந்தன. அதன்படி போனால் தீவைப் பேருந்துச் சன்னல் வழியாகத்தான் பார்க்க முடியும். எனவே பாதித் தீவு போதும் என்று தீர்மானித்தோம்: முதலில் நடுப்பகுதியிலுள்ள ஹெராக்லியோனில் சில நாள், மீதி நாள்களெல்லாம் மேற்கிலுள்ள ஹானியாவில். கிழக்கே வாய் என்ற கடற்கரையின் பேரீச்சந்தோப்பும், 1903 முதல் 1957 வரை தொழுநோயாளிகளைக் குடிவைத்திருந்த ஸ்பைனலோங்கா தீவும் இந்த முறை இல்லை. ஸ்பைனலோங்காவை விடுவதில்தான் எனக்குக் கொஞ்சம் வருத்தம்.

ஜூன் மாதத்தைத் தேர்ந்தெடுத்தது பள்ளி விடுமுறைக்காக மட்டுமன்று. ஜூலை, ஆகஸ்டில் வெயிலும் கூட்டமும் உச்சத்துக்குப் போவதோடு, மெல்டெமி எனப்படும் வடக்குக் காற்று ஏஜியன் கடலைக் கலக்கிவிடும். சில நாள்களில் படகுகளே ஓடா. நவம்பர், டிசம்பர் நீண்ட விடுமுறையிலோ கடலோர விடுதிகளிலும் உணவகங்களிலும் பாதிக்குமேல் கதவடைத்திருக்கும். செப்டம்பரில் கடல் வெதுவெதுப்பாக அருமையாக இருக்கும் என்றாலும் நமக்குக் கிடைப்பது ஒரே வார விடுமுறை. அதைத் தாண்டி நீட்டினால் புரட்டாசி பிறந்துவிடும், பிறகு வீட்டில் யாருக்கும் மீனும் கிடையாது. மீன் இல்லாமல் கிரேக்கத் தீவுக்குப் போவதற்கு நான் தயாராக இல்லை.

சிங்கப்பூரிலிருந்து ஏதென்சுக்கு ஸ்கூட் நிறுவனம் 2017இல் நேரடிச் சேவையைத் தொடங்கியது. நெடுந்தொலைவுப் பயணத்தில் அந்நிறுவனத்தின் முதல் தடம் அதுதான். ஏதென்சிலிருந்து ஹெராக்லியோனுக்கு உள்நாட்டு விமானத்தில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. கோடையில் கிரேக்கம் நமக்கு ஐந்து மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அதனால் முதல் சில நாள்களில் அதிகாலை நான்கு மணிக்கே அனைவரும் விழித்துக்கொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருப்போம் என்பது உறுதி. அதை வீணாக்காமல் பயன்படுத்திக்கொள்ளத்தான், கிரீட்டின் பண்டைய மினோவன் நாகரிகத்தார் கட்டிய க்னோசோஸ் அரண்மனையின் இடிபாடுகளை முதல் காலையிலேயே வைத்திருக்கிறேன். வாசல் திறக்கும் எட்டு மணிக்கே உள்ளே போய்விட்டால், பெரிய பேருந்துகள் வந்து சேர்வதற்குள், வெயில் ஏறுவதற்குள், பாதிக்குமேல் பார்த்துவிடலாம். அங்கே நிழல் மிகக் குறைவு.

க்னோசோஸ் பற்றி என் கணவருக்கு ஒரு வழக்கே இருக்கிறது. 1878இல் மினோஸ் கலோகைரினோஸ் என்ற உள்ளூர்க்காரர்தான் அங்கே முதலில் தோண்டினார். 1900இல் வந்து பெரிய அளவில் அகழ்ந்த ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவன்ஸின் பெயர்தான் நிலைத்தது. எவன்ஸ் தோண்டியதோடு நிற்காமல் சிமெண்டும் கம்பியும் வைத்துப் பல பகுதிகளைத் தம் கற்பனைப்படி எழுப்பியும்விட்டார். மேலே அகன்று கீழே குறுகும் அந்தச் சிவப்புத் தூண்கள் படத்தில் அழகாக இருந்தாலும், நாம் பார்ப்பதில் எது மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுப் பழைமை, எது இருபதாம் நூற்றாண்டு என்று பிரித்தறிய ஒரு வழிகாட்டி தேவை. ஆகவே அன்று காலை மட்டும் வழிகாட்டிக்குப் பணம் கொடுப்பதென்று வைத்திருக்கிறோம். பிற்பகல் வெயிலுக்கு ஹெராக்லியோன் தொல்பொருள் அருங்காட்சியகம். காளை மேல் தாவும் இளைஞரின் சுவரோவியம், இரு கைகளிலும் பாம்பு பிடித்த பெண் உருவம், 1908இல் கிடைத்த ஃபைஸ்டோஸ் வட்டத்தகடு எல்லாம் அங்கேதான். அந்தத் தகட்டில் சுருள் வடிவில் பதித்திருக்கும் குறிகளை இன்றுவரை யாரும் படித்ததாக ஏற்கப்படவில்லை. சிந்துவெளி முத்திரைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்தாத நம்மவர்களுக்கு அதன்முன் நின்று வாதாட நிறையவே இருக்கும். க்னோசோஸ், ஃபைஸ்டோஸ் உள்ளிட்ட ஆறு மினோவன் அரண்மனை மையங்களை யுனெஸ்கோ 2025 ஜூலையில்தான் உலக மரபுடைமைப் பட்டியலில் சேர்த்தது. இத்தனை ஆண்டு ஏன் சேர்க்கவில்லை என்பதுதான் வியப்பு.

வண்டி விஷயத்துக்கு வருகிறேன்; திட்டமிடலில் அதிக நேரம் தின்றது இதுதான். எலஃபோனிசி கடற்கரை போன்ற இடங்களுக்குப் பேருந்து உண்டு என்றாலும், முதியவரையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு அதன் நேரத்துக்குக் கட்டுப்படுவது கடினம். கிரேக்கத்தில் வாடகை வண்டிகளில் பெரும்பகுதி கையால் கியர் மாற்றுபவை. இங்கே 3ஏ உரிமம் வைத்திருப்பவர்கள் தானியங்கி வண்டியை மட்டுமே ஓட்டலாம் என்பதால், தானியங்கி வண்டியைப் பல மாதம் முன்பே பதிவு செய்ய வேண்டும், விலையும் கூடுதல்தான். அனைத்துலக ஓட்டுநர் அனுமதியையும் இங்கேயே எடுத்துக்கொள்ள வேண்டும். சாலையின் வலப்பக்கம் ஓட்டுவது ஒரு நாளில் பழகிவிடும். அதைவிட முக்கியம், வடகரை நெடுஞ்சாலையின் பழக்கம்: பல இடங்களில் ஒரு திசைக்கு ஒரு தடமே இருப்பதால், மெதுவாகப் போகிறவர்கள் சாலையோரப் பட்டைக்குப் பாதி ஒதுங்கிப் பின்னால் வருகிறவருக்கு வழிவிடுகிறார்கள். மலேசிய வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் பறந்து பழகிய என் கணவர் அங்கே ஒதுங்கிக்கொள்ளும் கட்சியில் இருக்க வேண்டும் என்று இப்போதே பேசி வைத்திருக்கிறோம். ஹெராக்லியோனிலிருந்து ஹானியா ஏறத்தாழ 140 கிலோமீட்டர். நிறுத்தாமல் போனால் இரண்டரை மணி நேரம். நாங்கள் வழியில் ரெதிம்னோவில் நிறுத்தி, வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டையைப் பார்த்து, மதிய உணவை முடித்துக்கொண்டு போவோம்.

ஹானியாவின் பழைய துறைமுகமும் வெனிஸ்காரர்கள் விட்டுச்சென்றதுதான். கலங்கரை விளக்கம், துருக்கியர் காலத்துப் பள்ளிவாசல், குறுகிய சந்துகள் எல்லாம் நடந்து பார்க்கக்கூடிய தூரம். நீரை ஒட்டிய உணவகங்களில் கட்டணத்தில் பாதி காட்சிக்குப் போகும் என்பதால், ஸ்பிளான்ட்சியா பகுதிச் சதுக்கத்தின் மரநிழலுக்குப் போவதே நல்லது. ஊருக்கு வெளியே சூடா விரிகுடாவில் இரண்டாம் உலகப் போரின்போது 1941 மே மாதம் கிரீட்டில் நடந்த சண்டையில் இறந்த காமன்வெல்த் வீரர்களின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. கிராஞ்சி நினைவிடத்தைப் பராமரிக்கும் அதே ஆணையம்தான் அதையும் பார்த்துக்கொள்கிறது. மகன் சிங்கப்பூரின் போர்க்காலத்தைப் பள்ளியில் படிக்கும் வயது. ஒரு மணி நேரம் அங்கே செலவிடலாம்.

கடற்கரைகளில் எலஃபோனிசிக்குத்தான் முதலிடம். நொறுங்கிய சிப்பித் துகள்களால் அலையோரம் வெளிர் சிவப்பாகத் தெரியும் மணல், தீவுத் திட்டு வரை முழங்கால் அளவு நீரில் நடந்தே போகக்கூடிய தடாகம் என்பதெல்லாம் சிறுவர்களுக்கென்றே அமைந்தவை. ஹானியாவிலிருந்து ஒன்றரை மணி நேரம், அதில் பாதி வளைந்து வளைந்து செல்லும் மலைப்பாதை. ஒன்பது மணிக்கு முன் போய்ச் சேராவிட்டால் நிறுத்துமிடமும் நிழலும் கிடைக்கா. குடை எடுத்துப் போக வேண்டும். பாதுகாக்கப்பட்ட இடம் என்பதால் மணலை எடுத்து வருவது குற்றம். மகனின் பையைச் சோதிப்பது என் பொறுப்பு. பாலோஸ் தடாகமும் அதற்குக் குறையாத அழகுதான் என்றாலும், அங்கே போகும் பாதை நெடுக மண்ணும் கல்லும். பல வாடகை நிறுவனங்களின் காப்பீடு தார் போடாத பாதைக்குச் செல்லாது. கிசாமோஸிலிருந்து படகில் போகலாம். அத்தைக்குப் படகு ஒத்துக்கொண்டால் பார்ப்போம். இன்னொன்று: சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையிலும் செந்தோசாவிலும் கால் நனைத்துப் பழகியவர்களுக்கு ஜூன் மாதக் கிரேக்கக் கடல் முதலில் சில்லென்றுதான் இருக்கும். பதினாறு கிலோமீட்டர் நீளும் சமாரியா பள்ளத்தாக்கு நடையை நாங்கள் பேசாமலே கைவிட்டுவிட்டோம்.

சாப்பாட்டில்தான் கிரீட் மற்றத் தீவுகளை மிஞ்சுகிறது. அத்தை போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "கடல் எங்கேயும் ஒரே உப்புதாம்மா, எனக்குச் சாப்பிட என்ன இருக்கும்னு மட்டும் பாரு." இருக்கிறது, தாராளமாக. ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் நோன்பு நாள்கள் ஆண்டில் நிறைய. அந்நாள்களில் இறைச்சி, முட்டை, பால் எதுவும் கூடாது என்பதால் காய்கறியும் பருப்பும் கீரையும் கொண்ட சமையல் ஒன்று அங்கே நன்றாக வளர்ந்திருக்கிறது. ஆலிவ் எண்ணெயில் வேகவைத்த காட்டுக்கீரைகள், தக்காளியிலும் குடைமிளகாயிலும் அரிசி அடைத்துச் சுட்ட கெமிஸ்டா, பெரிய வெள்ளை மொச்சையைத் தக்காளிச் சாற்றில் வைத்த கீகாண்டெஸ், அரிசியைத் திராட்சை இலையில் சுருட்டிய டோல்மாடேஸ் ஆகியவை சாதாரண உணவகத்திலும் கிடைக்கும். இரண்டு எச்சரிக்கைகள் மட்டும் தேவை. நோன்புணவில் மீன் விலக்கு என்றாலும் கணவாய், ஆக்டோபஸ், இறால் விலக்கல்ல. ஆகவே நோன்புணவு என்ற ஒரே சொல்லை நம்பி அத்தைக்கு எதையும் வரவழைக்க முடியாது. அடுத்து, கல்யாண விருந்துச் சோறான கமோபிலாஃபோ. வெள்ளை வெளேரென்று, குழைந்து, எலுமிச்சை மணத்தோடு தட்டில் வருவதைப் பார்த்தால் நம் கோயில் பொங்கலுக்கு அக்காள் முறை என்று தோன்றும். ஆனால் அந்த அரிசி வெந்தது ஆட்டிறைச்சியும் கோழியும் கொதித்த சாற்றில்.

எனக்கு முதலில் வேண்டியது டாகோஸ். இருமுறை சுட்டதால் கல்லாக இறுகிய பார்லி ரொட்டியைத் தண்ணீரில் ஒரு நொடி காட்டி, துருவிய தக்காளியை மேலே பரப்பி, புளிப்பேறிய மிசித்ரா பாலாடைக்கட்டியை உதிர்த்து, காய்ந்த ஒரிகானோ தூவி, ஆலிவ் எண்ணெயைக் கை நடுங்காமல் ஊற்றுவார்கள். தக்காளிச் சாறு இறங்கி மேல்பாதி இளகி, அடிப்பாகம் இன்னும் நறநறவென்று இருக்கும் அந்த ஐந்து நிமிடத்துக்குள் சாப்பிட்டுவிட வேண்டும். பிறகு தேன் ஊற்றிய ஸ்ஃபாக்கியா பாலாடைக்கட்டி அடை, ஹானியாவில் காலைக்குப் பாலாடைக்கட்டி அடைத்த பூகாட்சா. மீனைப் பொறுத்தவரை ஒரு விதியை வைத்துக்கொண்டிருக்கிறேன்: பல கடலோர உணவகங்களில் மீன் கிலோக் கணக்கில்தான் விலை என்பதால், சமைப்பதற்குமுன் மீனைக் காட்டச் சொல்லி, நிறுத்து, விலையைக் கேட்ட பிறகே தலையாட்ட வேண்டும். தேக்கா சந்தையில் நாம் செய்வதுதானே. உணவு முடிந்ததும் பழமோ இனிப்போ, சின்னக் குப்பியில் ராக்கி என்ற திராட்சைச் சாராயமோ கேட்காமலே வைப்பார்கள், அதற்குக் காசில்லை. இரவுணவு ஒன்பது மணிக்குமேல்தான் களைகட்டும். மகனுக்காக ஏழு மணிக்கே போய் உட்கார்ந்தால் கடையில் நாங்கள் மட்டும்தான் இருப்போம், அதுவும் நல்லதுதான்.

தாள் வேலைகளில் எங்கள் மூவருக்கும் சிங்கப்பூர்க் கடப்பிதழ் இருப்பதால் விசா தேவையில்லை. 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். இந்தியக் கடப்பிதழ் வைத்திருக்கும் அத்தைக்குத்தான் ஷெங்கன் விசா எடுக்க வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதத்துக்கு முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கடைசி வரம்பு பதினைந்து நாள். கட்டணம் 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கு ஈடுசெய்யும் பயணக் காப்பீடு கட்டாயம். ஜூன் மாதத்துக்கு எல்லாரும் ஒரே நேரத்தில் போட்டியிடுவதால் முன்பதிவு நேரம் கிடைப்பதுதான் சிரமம். ஆகவே அவருடைய விசா கைக்கு வரும்வரை, ரத்து செய்யக்கூடிய விடுதிகளை மட்டுமே பதிவு செய்திருக்கிறேன்.

தீராத வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. ஏதென்சை அடுத்த பிரேயஸ் துறைமுகத்திலிருந்து ஹெராக்லியோனுக்கு இரவுக் கப்பல் உண்டு. இரவு ஏறி அறையில் படுத்தால் விடியலில் கரை சேரலாம். மகனுக்கும் கணவருக்கும் கப்பல்தான் வேண்டும். அத்தைக்கும் எனக்கும் விமானம். விமானச் சீட்டின் விலை வாரந்தோறும் ஏறிக்கொண்டே போவதால், இந்த மாதக் கடைசிக்குள் யாராவது ஒரு தரப்பு விட்டுக்கொடுத்தாக வேண்டும்.