சி. ஆர். எம். டால்பட் காலவரிசை: இதுவரை ஆன வேலை

டாட்டா உருக்காலையால் நம்மவர்களுக்கும் பழக்கமான ஊர் போர்ட் டால்பட். அந்த டால்பட் குடும்பத்தின் கிறிஸ்டோபர் ரைஸ் மான்செல் டால்பட் (1803–1890) தெற்கு வேல்ஸில் கிளாமர்கன் கவுண்டியின் பெரிய நிலக்கிழார். 1830 முதல் சாகும்வரை நாடாளுமன்ற உறுப்பினர். 1874-க்குப் பிறகு அவையில் மிக நீண்ட காலம் தொடர்ந்து இருந்த உறுப்பினரும் அவர்தான்.

அவர் வாழ்க்கையைக் காலவரிசையாகத் தொகுக்கும் விரிதாளில் ஐந்து பத்திகள்: ஆண்டு, நிலம், பதவி, முதலீடு, ஆதாரம். நிலத்தையும் பதவியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் விஷயம் பிடிபடும். 1813-இல் அப்பா இறக்கிறார்; பையனுக்குப் பத்து வயது. அம்மா லேடி மேரி, கடற்படைக் கேப்டன் சர் கிறிஸ்டோபர் கோலை மறுமணம் செய்கிறார். கிளாமர்கன் தொகுதி 1830 வரை கோல் கையில், அதன்பின் டால்பட் கையில். தேர்தல் வரலாறு மட்டும் படித்தால் இது வெறும் ஆள்மாற்றம். நிலப் பத்தியைச் சேர்த்தால், வாரிசு வளரும்வரை வீட்டுக்குள்ளேயே இருந்த இடம் என்று தெரியும். அதே 1830-இல்தான் மார்கம் மாளிகை வேலையும் தொடங்குகிறது. கட்டடக் கலைஞர் தாமஸ் ஹாப்பர், முடிய பத்தாண்டு.

நிலக் கணக்கில்தான் பலரும் சறுக்குவார்கள். 1840-களின் தசமபாக (தேவாலயத்துக்கான நில வரி) வரைபடப் பட்டியல்களில் பரப்பு ஏக்கர்-ரூட்-பெர்ச் என்று மூன்று எண்ணாக இருக்கும். 4 ரூட் ஒரு ஏக்கர், 40 பெர்ச் ஒரு ரூட். 12-3-20 என்றால் 12 + 3/4 + 20/160, அதாவது 12.875 ஏக்கர். தசமம் போல 12.32 என்று தட்டிவிட்டால் ஒவ்வொரு வயலிலும் பிழை ஏறிக்கொண்டே போகும். கூட்டுத்தொகையைச் சரிபார்க்க 1873-ஆம் ஆண்டு நில உடைமையாளர் கணக்கெடுப்பு உதவும். ஆனால் அது கவுண்டி வாரியாக அச்சானது. ஒருவருக்கு இரண்டு கவுண்டியில் நிலம் இருந்தால் நாமேதான் கூட்ட வேண்டும். டால்பட்டுக்குக் கிளாமர்கனில் மட்டும் சுமார் 34,000 ஏக்கர்.

செய்தித்தாள் தேடலுக்கு வேல்ஸ் தேசிய நூலகத்தின் இலவச இணையத் தொகுப்பு போதும். ஊர்ப்பெயரில் கவனம் தேவை. ‘போர்ட் டால்பட்’ முதலில் 1837-இல் திறந்த துறைமுகத்தின் பெயர்தான். ஊருக்கு வந்தது பிறகு. ஆகவே அங்கிருந்த ஊர்களான அபெராவன், மார்கம், தைபாக் மூன்றையும் தனித்தனியே தேட வேண்டும். தெற்கு வேல்ஸ் ரயில்வேயின் தலைவர் என்ற முறையில் வரும் செய்திகளில் ஊர்ப்பெயரே இருக்காது. அங்கே கம்பெனிப் பெயர்தான் வழி. 1863-இல் அது கிரேட் வெஸ்டர்ன் ரயில்வேயோடு இணைந்துவிடுவதால் முதலீட்டுப் பத்தி அங்கே பிரிகிறது.

‘ஜன்னலை மூடச் சொன்னதைத் தவிர அவையில் வாயே திறக்கவில்லை’ என்று ஒரு கதை உலவுகிறது. அதை அப்படியே ஏற்றக்கூடாது. அக்கால ஹான்சார்டு (பிரிட்டிஷ் நாடாளுமன்ற விவாதத் தொகுப்பு) சொல்லுக்குச் சொல் எழுதிய பதிவல்ல. பெரும்பாலும் பத்திரிகைச் செய்திகளிலிருந்து சுருக்கித் தொகுத்தது. 1909-க்குப் பிறகே நிலைமை மாறியது. அதில் பெயர் இல்லை என்பதால் பேசவில்லை என்றாகாது.

பாக்கி இருப்பது 1876-க்குப் பிந்தைய பகுதி. அந்த ஆண்டு மகன் தியோடர் இறந்தார். 1890-இல் சொத்து மகள் எமிலிக்குப் போனது. 1885-இல் கவுண்டித் தொகுதி உடைந்து டால்பட் மத்திய கிளாமர்கனுக்கு மாறியதால், பதவிப் பத்தியிலும் அங்கிருந்து புது வரிசை.