கோப்பாயில் இல்லாத கல்லறைகள்

கோப்பாய்ப் பக்கம் போகும்போதெல்லாம், இராணுவ முகாமின் மதிலைக் கண்டதும் அதற்குள் முன்பு இருந்த, விடுதலைப் புலிகளின் போராளிகளைப் புதைத்த துயிலும் இல்லம்தான் என் நினைவுக்கு வருகின்றது. இறந்தோரைப் பெரும்பாலும் எரியூட்டும் சைவ மக்கள் நிறைந்த யாழ்ப்பாணத்தில், விடுதலைப் புலிகள் தம் போராளிகளை 1990களின் தொடக்கத்திலிருந்து புதைக்கத் தொடங்கியமை பெரியதொரு வழக்கமாற்றமாகும். உடல் கிடைத்தவர்களுக்குக் கல்லறையும் கிடைக்காதவர்களுக்கு நினைவுக்கல்லும் என இருவகையாக அமைத்தனர். பின்னது பழைய நடுகல் மரபுக்கு நெருங்கியது என்பது என் எண்ணம்.

1995 இறுதியில் யாழ்ப்பாணம் இராணுவத்தின் வசமானதன் பின்னர் இந்த இல்லம் சிதைக்கப்பட்டது. 2002 போர்நிறுத்த உடன்பாட்டின் பின் கல்லறைகள் மீளக் கட்டப்பட்டன. போர் 2009இல் முடிந்த பின்னர் மீண்டும் இடித்து மட்டமாக்கப்பட்ட அந்நிலத்தில், 2011 மார்ச்சில் இராணுவத்தின் 51ஆவது படைப்பிரிவுத் தலைமையகம் திறக்கப்பட்டது. ஒரே மண்ணில் இரண்டு முறை அழிப்பு. அதுவும் இறந்தவர்கள் மேல்.

புலிகளில் முதலில் உயிரிழந்த போராளியான சங்கர் 1982இல் இறந்த நாளான நவம்பர் 27 அன்று, இங்கு புதைக்கப்பட்ட போராளிகளின் பெற்றோர் உள்ளே செல்ல இயலாமல் அண்மைய ஆண்டுகளில் முகாமுக்கு வெளியே நின்றே சுடரேற்றுகின்றனர்.