சிம்னி பிசுக்கு
பொங்கலுக்கு அடுப்படியைச் சுத்தம் செய்தபோது சிம்னி வடிகட்டியில் கடலை எண்ணெய்ப் பிசுக்கு கெட்டியாகப் படிந்திருந்தது. பிசுக்கு நீக்கும் திரவத்தை அடித்த கையோடு தேய்த்தேன், போகவில்லை. ஈரோட்டிலிருந்து வந்திருந்த பெரியம்மா, "அம்மிணி, அஞ்சு நிமிசம் ஊறட்டும், அப்புறம் தேயி" என்றார். ஊறியதும் வெந்நீரில் கழன்று வந்துவிட்டது.

ஆனால் காஸ்டிக் சோடா கலந்த திரவத்தை அலுமினியத்தில் போடாதீர்கள், உலோகத்தையே அரித்துவிடும். லேபிளைப் படித்து வாங்குங்கள். அடுப்பு ஆறியிருக்கணும், சன்னல் திறந்திருக்கணும், கையுறை கட்டாயம். பிளீச்சிங் பவுடரோடு கழிவறை ஆசிட்டை மட்டும் சேர்த்துவிடாதீர்கள், குளோரின் வாயு கிளம்பி மூச்சை அடைக்கும்.

மேடையை நல்ல தண்ணீரில் இரண்டு முறை துடைத்த பிறகுதான் சந்தவை (கொங்குநாட்டு இடியாப்பம்) பிழிய ஆரம்பித்தோம்.