கோழிக் கணக்கு

பிப்ரவரி 3, திங்கள்

மனு போய்விட்டது. வார்டன் அதை டிரேயில் வைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். வாரத்தில் ஒரு நாள், திங்கட்கிழமை, மெஸ்ஸில் இறைச்சியும் மீனும் வேண்டாம். அவ்வளவுதான் கேட்டிருக்கிறோம். மாணவர் பேரவை வாக்கெடுப்பு வைக்குமாம். தேதி பிறகு. இந்த செமஸ்டருக்குள்ளா என்று கே. கேட்டான், வார்டன் சிரித்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

சுற்றுச்சூழல் மன்றமும் நம்மோடு சேர்ந்து பிரசாரம் செய்யப் போகிறது. சந்தோஷம்தான், அவர்களுடைய போஸ்டரைப் பார்க்கும்வரை.

"சிவப்பிறைச்சிக்குப் பதில் கோழி. பூமி நன்றி சொல்லும்."

பூமி சொல்லும். கோழி?

அவர்கள் சொல்வது பொய் இல்லை. மாடும் ஆடும் அசைபோடும் விலங்குகள், வயிற்றிலிருந்து மீத்தேன் வருகிறது. ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் 2013 அறிக்கைப்படி, மனிதனால் உண்டாகும் பசுங்குடில் வாயுக்களில் 14.5 சதவீதம் கால்நடை வளர்ப்பினால் வருவது. அதில் பெரும்பங்கு மாட்டுடையது. கார்பன் மட்டும் பார்த்தால் கோழி எவ்வளவோ மேல். ஆனால் ஒரு மாட்டிலிருந்து கிடைக்கும் இறைச்சியைக் கோழியிலிருந்து எடுக்க வேண்டுமென்றால் நூற்றுக்கும் மேற்பட்ட கோழிகளைக் கொல்ல வேண்டும். உலகத்தில் வருடத்துக்கு சுமார் 30 கோடி மாடுகளை அறுக்கிறார்கள். கோழிகள் 7,000 கோடிக்கும் மேல். இந்த போஸ்டரைப் பார்த்து ஒருவர் மனம் மாறினால் அவருடைய கார்பன் குறையும், அவருக்காகச் சாகும் உயிர்கள் கூடும். இதற்கு நம் மன்றத்தின் பெயரையும் கீழே போட்டிருக்கிறார்கள்.

பிப்ரவரி 5, புதன்

தூங்கவில்லை. ஒரு மாடு, நூறு கோழி.

பிப்ரவரி 7, வெள்ளி

நூலக வாசலில் மேஜை போட்டோம். மதியம் வரை "செடிக்கும் உயிர் இருக்கே" வகையறாதான். இதைக் கேட்கிற யாருக்கும் செடியைப் பற்றிக் கவலை இருப்பதாகத் தெரியவில்லை. ஒரு கிலோ இறைச்சி வளரப் பல கிலோ தானியம் தீவனமாகப் போகிறது, செடிமேல் பாசம் என்றால் அதுவே நம் பக்கம் வரக் காரணம் என்று சொன்னால், அதற்குள் ஆள் நகர்ந்திருப்பார்.

சாயங்காலம் வந்தவள் வேறு மாதிரி. முதலாம் ஆண்டு. துண்டுப்பிரசுரத்தை முழுதாக, நின்று, படித்தாள். அப்புறம் கேட்டாள்: "எங்க வீட்ல கறி எடுக்கிறதே எப்பவாவதுதான்க்கா. இங்க வந்துதான் வாரத்துக்கு ரெண்டு மூணு தடவை சாப்பிடறேன். அதையும் நீங்க வந்து குறைக்கணுமா?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது பதில் வந்திருக்கும். சாதாரணமாகக் கேட்டாள். பணம் இருக்கிறவன் மெஸ்ஸில் இல்லையென்றால் வெளியே போய்ச் சாப்பிடுவான், திங்கட்கிழமை அவனை ஒன்றும் செய்யாது. செய்வது இவளைத்தான். இது நான் யோசிக்காத விஷயம் இல்லை, கூட்டத்தில் நானே பேசியிருக்கிறேன். ஆனால் முகத்துக்கு நேரே ஒருத்தி கேட்கும்போது, கூண்டுக்குள் இருப்பவற்றின் பக்கம் நின்று பேச வாய் வரவில்லை. அதற்காக நான் சொல்வது தப்பாகிவிடாது. இவளுக்குச் சத்து குறையாமல், அவற்றுக்கு உயிர் போகாமல் ஒரு தட்டு வேண்டும். அது மெனுவில் வர வேண்டிய பதில், என் வாயிலிருந்து இல்லை.

"வேண்டாம்னுதான் ஓட்டுப் போடுவேன்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரசுரத்தைத் திருப்பித் தரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

அம்மா போன். குரல் சோர்வாக இருக்கிறதாம், எல்லாம் இந்தச் சாப்பாட்டினால்தானாம். "பி12 குறைஞ்சா நரம்பு போயிடும்னு போட்டிருக்கான், நீ படிக்கிறியா இல்லையா?" படித்திருக்கிறேன்மா. செடியிலிருந்து அதை நம்பகமாகப் பெற முடியாது, மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ எடுத்துக்கொள்ள வேண்டும், எடுத்துக்கொள்கிறேன். உடம்பில் இருக்கிற சேமிப்பு தீர்ந்து குறை தெரிய வருடக்கணக்கில் ஆகும். இப்போது இருக்கிற சோர்வுக்குக் காரணம் ராத்திரி முழுக்க முழித்திருப்பது. அதைச் சொன்னால் ஏன் முழித்திருக்கிறாய் என்பாள். சொல்லவில்லை.

பிப்ரவரி 11, செவ்வாய்

சண்டை. சீனியர் அக்கா மெஸ் வாசலில் திரை கட்டி, அறுப்புக்கூட வீடியோவைச் சாப்பாட்டு நேரத்தில் ஓட விட வேண்டும் என்கிறார். "நான் அதைப் பார்த்துத்தான் மாறினேன். மத்தவங்க மட்டும் என்ன மென்மையா?" பாதிப் பேர் கைதூக்கினார்கள்.

எனக்கு ஹென்றி ஸ்பைரா நினைவு. நியூயார்க்கில் பள்ளி ஆசிரியர், அதற்கு முன் கப்பல் வேலை. 1976-ல் அங்கே இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பூனைகளை ஊனப்படுத்திப் பார்க்கிற ஆராய்ச்சி ஒன்று வருடக்கணக்கில் நடந்துகொண்டிருந்தது. அவர் உலகத்துச் சோதனைகளையெல்லாம் நிறுத்து என்று கிளம்பவில்லை. அந்த ஒன்றை எடுத்தார். ஆவணங்களைக் கேட்டு வாங்கினார், யார் பணம் தருகிறார்கள் என்று பார்த்தார், வாசலில் நின்றார். அடுத்த வருடக் கடைசியில் ஆராய்ச்சி நின்றது. 1980-ல் ரெவ்லான், அழகுசாதன நிறுவனம். முயலின் கண்ணில் ரசாயனம் விட்டுப் பார்க்கும் சோதனைக்கு எதிராகச் செய்தித்தாளில் முழுப்பக்க விளம்பரம். அந்த வருடம் முடிவதற்குள் மாற்றுவழி தேட ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்துக்கு 7.5 லட்சம் டாலர் தருவதாக நிறுவனம் அறிவித்தது. ஒரு இலக்கு, முடியக்கூடியதாக ஒன்று.

இதையெல்லாம் சொன்னேன். அக்கா, "அவருக்கு முழுப்பக்கம் போடப் பணம் கிடைச்சது. நமக்கு ஜெராக்ஸுக்கே காசு இல்ல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். முடிவு எதுவும் எடுக்கவில்லை.

பிப்ரவரி 12, புதன்

மீனை யாரும் எண்ணுவதில்லை. கடலில் பிடிப்பது வருடத்துக்கு சுமார் 8 கோடி டன் என்று எழுதுகிறார்கள். டன். மாட்டுக்குத் தலைக்கணக்கு உண்டு, கோழிக்கு உண்டு, மீனுக்கு எடைதான்.

பிப்ரவரி 14, வெள்ளி

போஸ்டரை அடுத்த பிரிண்டில் பார்க்கலாமாம்.

பிப்ரவரி 16, ஞாயிறு

அக்காவிடம் இன்னொரு கதையும் சொல்லியிருக்கலாம். 1970, ஆக்ஸ்ஃபோர்ட். இரண்டு மாணவர்கள் மதியச் சாப்பாட்டுக்குப் போகிறார்கள். ஒருவர் கனடாக்காரர், ரிச்சர்ட் கெஷன். சாஸில் இறைச்சி இருக்கிறதா என்று பரிமாறுபவரிடம் கேட்டார், இருக்கிறது என்றதும் வேறு எடுத்துக்கொண்டார். ஏன் என்று மற்றவர் கேட்க, பேச்சு அங்கிருந்து தொடங்கியது. கேட்டவர் பீட்டர் சிங்கர். ஐந்து வருடத்தில் அவர் எழுதிய 'விலங்கு விடுதலை' (Animal Liberation) புத்தகத்தைப் படித்துத்தான் நம்மில் பாதிப் பேர் இங்கே வந்திருக்கிறோம். கெஷன் யாரையும் கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசவில்லை, திரையும் கட்டவில்லை.

ஆனால் கெஷனைப் போலக் கேட்டவர்கள் எத்தனை ஆயிரம் பேர் இருப்பார்கள், அவர்கள் எதிரே உட்கார்ந்திருந்தது சிங்கர் இல்லையே என்று அக்கா சொல்வார். அதுவும் சரிதான். எரிச்சலாக இருக்கிறது.

பிப்ரவரி 18, செவ்வாய்

வீடியோ வேண்டாம் என்று முடிவானது. பதிலாக ஏ4 தாள்.

ஐரோப்பிய ஒன்றியத்தில் பழைய கூண்டில் ஒரு கோழிக்குக் குறைந்தபட்சம் தர வேண்டிய இடம் 550 சதுர சென்டிமீட்டராக இருந்தது. ஏ4 தாள் 620-க்கும் மேல். அதாவது தாளின் ஓரத்தில் ஒரு பட்டை வெட்டியெடுத்தால் மிச்சம் இருப்பதுதான் அதன் வீடு. அந்தப் பட்டையை வெட்டி, மிச்சத்தில் "இதில் ஒரு கோழி" என்று மட்டும் அச்சடித்து மெஸ் மேஜைகளில் வைத்தோம். ரத்தம் இல்லை, படம் இல்லை. அந்தக் கூண்டு அங்கே 2012-லிருந்து தடை, இப்போது 750 சதுர சென்டிமீட்டர் உள்ள கூண்டு இருக்கிறது என்பதைப் பின்பக்கம் போட்டோம். பின்பக்கம் யார் திருப்பப் போகிறார்கள் என்றான் கே. திருப்பினார்கள். இரண்டு பையன்கள் தாளின்மேல் கால் வைத்து நின்று பார்த்தார்கள், ஒரு செருப்பே கொள்ளவில்லை. சிரித்துக்கொண்டுதான் செய்தார்கள். பரவாயில்லை.

நல்ல நாள். ராத்திரி நன்றாகச் சாப்பிட்டேன்.

பிப்ரவரி 20, வியாழன்

மெஸ் கமிட்டி. மேனேஜர் அண்ணன் ரொம்பத் தாராளமாக வந்தார். "இறைச்சியும் மீனும் வேண்டாம்னுதானே எழுதியிருக்கீங்க? சரி. திங்கட்கிழமை ஆளுக்கு ரெண்டு முட்டை. ப்ரோட்டீன் இல்லைன்னு ஒருத்தனும் புகார் சொல்ல மாட்டான்." கமிட்டி மேஜையைத் தட்டியது. வாக்கெடுப்பே வேண்டாம், இப்படியே முடித்துக்கொள்ளலாம் என்றுகூட ஒருவர்.

மனுவில் முட்டையையும் பாலையும் விட்டது தெரிந்தே எடுத்த முடிவு. சேர்த்தால் கையெழுத்து பாதிகூட வந்திருக்காது. அக்கா அன்றைக்கே வேண்டாம் என்றார். ஆனால் விட்ட இடம் இப்படி நிரம்பும் என்று யாரும், அக்காவும், சொல்லவில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிராய்லர் கோழி ஐந்தாறு வாரத்தில் அறுப்புக்குப் போகிறது. அதை ஒரு பன்னிரண்டு பேர் சாப்பிட்டால், ஒரு தட்டுக்கு ஒரு கோழியின் மூன்று மூன்றரை நாள். முட்டைக்கோழி கிட்டத்தட்ட ஒரு நாளைக்கு ஒரு முட்டை, அப்போது இரண்டு முட்டைக்கு இரண்டு நாள். நாள் குறைவு. ஆனால் எந்த நாள்? பிராய்லருக்குக் கூடம், கூட்டம், தாங்க முடியாத உடல் எடை. முட்டைக்கோழிக்கு வெட்டிய ஏ4 தாள், அதுவும் வருடத்துக்கு மேல். அப்புறம் ஆண் குஞ்சு. முட்டைக்கென்று வளர்க்கும் இனத்தில் ஆண் முட்டையும் இடாது, சதையும் போடாது, அதனால் பொரித்த அன்றே கொன்றுவிடுகிறார்கள். ஜெர்மனியில் 2022-லிருந்து அதற்குத் தடை, முட்டைக்குள்ளேயே ஆணா பெண்ணா என்று பார்க்கிறார்கள். எல்லா இடமும் ஜெர்மனி இல்லை. உலகம் முழுக்க வருடத்துக்குச் சில நூறு கோடிக் குஞ்சுகள்.

மூன்று நாளா, இரண்டு நாளா, எது பெரியது? கூண்டு நாளை எதனால் பெருக்குவது? இதற்கு ஒரு விடை இருந்தால் நன்றாக இருக்கும்.

பிப்ரவரி 21, வெள்ளி

முட்டை, முட்டை, முட்டை. வகுப்பில் என்ன நடந்தது என்று தெரியாது.

பிப்ரவரி 24, திங்கள்

மாஸ்டரைப் பார்க்கச் சமையலறைக்குப் போனேன். மனு, கமிட்டி எதுவும் அவர் காதுக்குப் போகவில்லை, சமைக்கிறவர் அவர்தான். "எடுக்கிறது சுலபம்மா. எடுத்த இடத்துல என்ன வைக்கிறதுன்னு சொல்லு. அறுநூறு பேர்." கடலை, பயறு, சோயா என்றேன். சோயாவை வேகவைத்துப் பிழியாமல் போட்டால் ஒருவரும் தொட மாட்டார்கள், பிழிய ஆள் வேண்டும் என்றார். கடலை ஊறினால் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும், அதற்கு அண்டா வேண்டும், ஒரு அண்டா ஓட்டை. காலையில் சொன்னால் மதியம் நடக்காது, முந்தின ராத்திரியே ஊற வேண்டும். நம் துண்டுப்பிரசுரம் எதிலும் அண்டா வரவில்லை.

அவர் கறி சாப்பிடுவாராம், முட்டை பிடிக்காதாம். "உரிக்கிறதே பாதி நாள் போயிடும்மா." மேனேஜரின் ஆளுக்கு ரெண்டு முட்டை, அறுநூறு பேர், ஆயிரத்து இருநூறு ஓடு. மாஸ்டர் முகத்தில் அந்தக் கணக்கு ஓடியதைப் பார்த்தேன். நமக்கு இதைவிட நல்ல கூட்டாளி கிடைக்க மாட்டார்.

பிப்ரவரி 26, புதன்

யாரோ ராத்திரியில் எல்லா போஸ்டரிலும் "கோழி" மேல் "கடலை" என்று பேப்பர் ஒட்டியிருக்கிறார்கள். சுற்றுச்சூழல் மன்றம் கொதிக்கிறது. ரூம்மேட்டின் விரலெல்லாம் பசை. நான் எதுவும் கேட்கவில்லை. கார்பன் கணக்கிலும் கடலை கோழியைவிடக் குறைவுதான், என்ன கோபம் இவர்களுக்கு!

வாக்கெடுப்பு மார்ச் 4.

பிப்ரவரி 28, வெள்ளி

கூண்டே வேண்டாம் என்று ஐரோப்பாவில் சுமார் 14 லட்சம் பேர் கையெழுத்துப் போட்டார்கள். 2021-ல் ஐரோப்பிய ஆணையம் சரி என்றது, 2023 முடிவதற்குள் சட்ட முன்மொழிவு வரும் என்றது. வரவில்லை. 14 லட்சம் பேருக்கே அப்படி என்றால்.

இன்று எதுவும் பிடிக்கவில்லை.

மார்ச் 1, சனி

அந்த முதலாம் ஆண்டுப் பெண்ணை மெஸ்ஸில் பார்த்தேன். எதிரே உட்கார்ந்தாள். முட்டை பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறாள். "அப்ப உங்களுக்கு ஜெயிச்ச மாதிரிதானேக்கா?" இல்லை என்று ஆரம்பித்து ஆண் குஞ்சு வரைக்கும் சொல்லிவிட்டேன், அவள் கேட்டுக்கொண்டே சாப்பிட்டாள். கடைசியில், "கடலை வயிறு நிறைய கிடைக்குமா, இல்ல கரண்டி கணக்கா?" என்றாள். வாக்கெடுப்புச் சீட்டில் இருக்க வேண்டிய கேள்வி அது.

மார்ச் 3, திங்கள்

நாளைக்கு. கே. திருத்தம் எழுதிக் கொடுத்திருக்கிறான்: திங்கட்கிழமை கடலையோ பயறோ அளவில்லாமல், முட்டை கேட்பவர்களுக்கு மட்டும். அக்கா கையெழுத்துப் போட மறுத்தார், "கேட்பவர்களுக்கு" என்றாலும் முட்டை முட்டைதானே என்று. பிறகு போட்டார். சுற்றுச்சூழல் மன்றமும் போட்டது, பசை விஷயத்தை ஒருமுறை சொல்லிக்காட்டிவிட்டு. பேரவை ஏற்குமா என்று ஒன்பது மணிக்குள் சொல்வதாகச் சொன்னார்கள். மணி பத்தரை. கே. போன் எடுக்கவில்லை.

மாஸ்டர் ஆள் அனுப்பியிருந்தார். அடுத்த திங்களுக்கு வேண்டுமென்றால் ஸ்டோருக்கு இன்டென்ட் இன்றைக்கே போயாக வேண்டும், கடலை எத்தனை கிலோ?

நாற்பது என்று எழுதச் சொன்னேன்.