வெள்ளைக்குள் வெள்ளை வேண்டாம்

போன வருடப் பரிசளிப்பு விழாப் படம் ஒன்று எங்கள் பாடசாலை வாட்ஸ்அப் குழுவில் இன்னும் கிடக்கிறது. மேடையில் ஏழு டீச்சர்மார் வரிசையாக நிற்கிறோம், எல்லாருக்கும் ஒரே வெள்ளைச் சேலை, பச்சைக் கரை, வெள்ளை ஜாக்கெட். ஆறு பேரைப் பார்த்தால் சேலை தெரிகிறது. என்னைப் பார்த்தால் பிரா தெரிகிறது. பக்கத்துப் பட்டி, தோள்பட்டி, பட்டியை ஏற்றி இறக்கும் அந்தக் குட்டி வளையம் வரைக்கும் எண்ணிவிடலாம். காலையில் கண்ணாடியில் முன்னும் பின்னும் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன், ஆனால் எங்கள் இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் காலை ஆறு மணி மூடுபனி வெளிச்சத்தில் கண்ணாடியில் என்ன தெரியும், என் மூக்கே சரியாகத் தெரியாது.

மறுநாள் ஸ்டாஃப் ரூமில் மூத்த டீச்சர் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு வந்து காதருகே சொன்னார்: "வெள்ளைக்குள்ள வெள்ளை போட்டா டியூப்லைட் மாதிரிதாம்மா எரியும்."

எனக்கு அது தலைகீழாகப் பட்டது. வெள்ளைக்கு வெள்ளை, கறுப்புக்குக் கறுப்பு என்றுதானே எல்லா அம்மாமாரும் சொல்லிக்கொடுத்தார்கள். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். அவர் காலத்தில் பிரா என்ற பேச்சே கிடையாது, டவுன் தையற்காரரிடம் பொப்ளினில் தைத்த 'பாடி'தான். அதற்கு மேல் சட்டை, அதற்கு மேல் பழைய ஸ்வெட்டர், இடுப்பில் நனையாமல் கட்டுகிற படங்கு, இத்தனைக்கும் உள்ளே என்ன நிறம் இருந்தால் யாருக்குத் தெரியப்போகிறது. வெள்ளை உடுத்துவதே மரண வீட்டுக்குத்தான். அதனால் அம்மாவைக் குறை சொல்ல வழியில்லை.

அன்றைக்குச் சாயந்திரமே பரீட்சித்துப் பார்த்தேன். வாசற்படியில் உட்கார்ந்து, கையின் உள்பக்கத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன்: அந்த வெள்ளைப் பிரா, கடையில் 'ஸ்கின் கலர்' என்று சொல்லி வாங்கிய ஒன்று, ஒரு கறுப்பு, அப்புறம் அம்மாவின் பழைய மெரூன் உள்பாவாடையில் கிழித்த ஒரு துண்டு. ஒவ்வொன்றுக்கும் மேலே அதே ஜாக்கெட்டை விரித்தேன். வெள்ளை, சுண்ணாம்பால் கோடு போட்ட மாதிரி துலாம்பரமாகத் தெரிந்தது. ஸ்கின் கலர் கொஞ்சம் அழுக்கான வெள்ளை, அவ்வளவுதான் வித்தியாசம். கறுப்பு, கரிக்கோடு. மெரூனைத் தேட வேண்டியிருந்தது. விரலால் தடவித்தான் அது எங்கே முடிகிறது என்று கண்டுபிடித்தேன்.

காரணம் ஒன்றும் பெரிய மர்மம் இல்லை. மெல்லிய வெள்ளைத் துணி வெளிச்சத்தை முழுக்கத் தடுப்பதில்லை, ஒரு பங்கு உள்ளே போய், உள்ளே இருப்பதில் பட்டு, திரும்ப வெளியே வருகிறது. நம் மாநிறத் தோல் அதில் நிறையவே விழுங்கிவிடும். உள்ளே இருப்பது வெள்ளை என்றால் விழுங்காமல் அப்படியே திருப்பி அனுப்பும், அதனால் அந்த இடம் மட்டும் பளிச்சென்று இருக்கும், கமரா ஃபிளாஷ் அடித்தால் கேட்கவே வேண்டாம். தோலில் இருக்கும் மெலனின் நீல வெளிச்சத்தைக் கூடுதலாக விழுங்கும், சிவப்பைக் கொஞ்சம் தப்ப விடும். மெரூனும் பழுப்பும் கிட்டத்தட்ட அதையே செய்கின்றன, ஆகவே தோலோடு தோலாகக் கலந்துவிடுகின்றன. ஆக, கண்ணில் படுவது ஒரு நிறம் முடிந்து இன்னொரு நிறம் தொடங்குகிற அந்த ஓரம்தான். ஓரத்தை இல்லாமல் செய்துவிட்டால் கதை முடிந்தது.

இது பிடிபட்டதும் உள்பாவாடைக் குழப்பமும் தீர்ந்தது. பிராவும் ஜட்டியும் உடம்பில் பாதி வழியில் நின்றுவிடுகின்றன, அதனால் அவற்றுக்குத் தோலின் நிறம் வேண்டும். உள்பாவாடை கணுக்கால் வரை போகிறது, சேலை முடியும் இடத்திலேயே அதுவும் முடிகிறது, அதற்குச் சேலையின் நிறம். வெள்ளைச் சேலைக்குள் கிரீம் நிறப் பாவாடை கட்டினால் ஓரம் தெரியாது, ஆனால் சேலையே மூன்று நாள் உடுத்தி மடித்துவைத்தது போலப் பழுப்பேறித் தெரியும். வெள்ளைப் பாவாடை, கொஞ்சம் தடித்த பருத்தியில். வழுக்குகிற சாட்டின் வேண்டாம், அதில் சேலை நிற்காது, மலைப்பாதையில் ஏறி இறங்குகிறவர்களுக்கு இது தெரியும்.

சரி, தோல் நிறம் என்று கடையில் போய்க் கேட்டால் என்ன கிடைக்கிறது? பாண் துண்டின் உள்பக்கம் மாதிரி ஒரு நிறம். அது யாருடைய தோல்? எங்கள் தோட்டத்தில் நான் பார்த்தவரை அந்தத் தோலோடு ஒருவரும் இல்லை. என் வகுப்புப் பிள்ளைகள் ஆள் படம் வரைந்துவிட்டு "டீச்சர், தோல் கலர் குடுங்க" என்று அந்த வெளிறிய ரோஸ் பேஸ்டலைத்தான் கேட்கிறார்கள், தன் கையைப் பார்த்துக்கொண்டே கேட்கிறார்கள். அமெரிக்காவில் கிரயோலா நிறுவனம் தன் 'தோல்' நிறத்துக்கு 1962லேயே 'பீச்' என்று பெயரை மாற்றிவிட்டது. எங்கள் கடைப் பெட்டிகளில் இன்னும் ஸ்கின் என்றுதான் எழுதியிருக்கிறது. உள்ளாடையில் பழுப்பு வகைகளையே முன்னால் வைத்து லண்டனில் நூபியன் ஸ்கின் என்ற நிறுவனம் தொடங்கியது 2014இல்தான், அதற்கு முன் கறுப்பினப் பெண்கள் வெளிறிய பிராவைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்து நிறம் ஏற்றியும் பார்த்திருக்கிறார்கள். தேயிலைக்கு நடுவில் பிறந்து வளர்ந்த எனக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். பிறகு நானும் முயன்றேன். பருத்திப் பட்டி நன்றாகவே நிறம் பிடித்தது, செயற்கை நூல் பகுதி அரைகுறையாக, லாஸ்டிக் அப்படியே வெள்ளையாக. வரிக்குதிரை மாதிரி ஒன்று வந்து சேர்ந்தது. எறியவில்லை, இருட்டு நிறச் சட்டைகளுக்குள் போட்டுத் தீர்த்தேன்.

இதில் வயிறெரிகிற விஷயம் என்னவென்றால், உலகம் முழுக்கப் போகிற உள்ளாடைகளைத் தைக்கிற நாடுகளில் நம்முடையதும் ஒன்று. 1978இல் கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் வந்த பிறகு ஆடைத் தொழிலுக்கு எத்தனை பிள்ளைகள் போயிருக்கிறார்கள், மலையகத்திலிருந்தும்தான். என் சித்தி மகள் ஆறு வருடம் அங்கே ஜூக்கி தையல் மெஷினில் இருந்தாள். "அக்கா, நான் தச்ச பிராவில கோப்பி கலர், கித்துள் கருப்பட்டி கலர், எல்லாம் இருந்துச்சு, பெட்டியில அடுக்கி கப்பலுக்குப் போயிரும்" என்கிறாள். இப்போது ஏற்றுமதியில் கழித்த துணிகள் விற்கிற கடைகளில் கிளறினால் சில நேரம் அந்தக் கருப்பட்டி நிறம் கிடைக்கும். கிடைத்தால் இரண்டாக எடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது நிறத்தைக் கையின் முன்பக்கத்தோடு ஒப்பிட வேண்டாம், அது வெயில் பட்டுக் கறுத்திருக்கும். மேல்கையின் உள்பக்கத்தோடு ஒப்பிடுங்கள். பையில் ஒரு வெள்ளை லேஞ்சி, கைக்குட்டைதான், வைத்துக்கொள்ளுங்கள், பிராவை அந்த இடத்தில் வைத்து லேஞ்சியால் மூடி, கடை வாசல் வெளிச்சத்துக்கு வந்து ஒரு பார்வை. கடைக்காரர் பார்ப்பார்தான். பார்க்கட்டும். பத்திரிகைத் தாளில் சுற்றிக் கறுப்புப் பையில் போட்டு, ஏதோ கள்ளச் சாராயம் மாதிரித் தருகிற அவருக்கும் இது பழகட்டும். சரியான நிறம் கிடைக்காவிட்டால் தோலைவிட வெளிறியதை எடுப்பதைக் காட்டிலும் ஒரு படி கறுத்ததை எடுப்பது நல்லது, என் அனுபவத்தில் அதுதான் குறைவாகத் தெரிகிறது. மெரூன் எப்போதும் கைகொடுக்கும், தோல் நல்ல வெளுப்பாக இருப்பவர்கள் மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும்.

லேஸ் வைத்தது வேண்டாம். நிறம் பொருந்தினாலும் அதன் பூ மேடுகள் மெல்லிய ஜாக்கெட்டில் புடைத்து நிற்கும். அளவு சின்னதாக இருந்தாலும் அதே கதி, லாஸ்டிக் சதையை வெட்டி ஒரு பள்ளத்தை உண்டாக்கும், அந்தப் பள்ளத்துக்கு எந்த நிறமும் மருந்தில்லை.

தையல் கோடு வெளியே தெரியாமல் அச்சில் வார்த்து எடுத்த, ஸ்பொஞ்ச் வைத்த பிராதான் வெளிர் துணிக்கு உத்தமம் என்று எல்லாரும் சொல்வார்கள். உண்மைதான், கொழும்பில் இருப்பவர்களுக்கு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீட்டர், நாங்கள் அதற்குக் கீழே, ஜூன் ஜூலையில் தென்மேற்குப் பருவமழை பிடித்தால் சூரியன் விருந்தாளி மாதிரி வந்துபோவார். அந்தக் காலத்தில் ஸ்பொஞ்ச் பிரா காய மூன்று நாள், சில நேரம் நான்கு. பிழிந்தால் ஸ்பொஞ்ச் மடிந்து, அந்த மடிப்பும் ஜாக்கெட்டுக்கு மேலே தெரியும். அடுப்புக்கு மேலே கட்டினால் விறகுப் புகை ஏறி, பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் மூக்கைச் சுளிப்பார். தோட்டத்து வரிசை வீடான லயத்தில் இன்னொரு தொல்லை, வெயில் வந்தாலும் பொதுக் கொடியில் உள்ளாடையைப் போட விடமாட்டார்கள், மேலே ஒரு துவாயை மூடித்தான் போட வேண்டும். துவாய்க்கு அடியில் எது காயும்? ஈரத்தோடு போட்டு மார்புக்குக் கீழே அரிப்பும் படையும் வந்து கிளினிக்கில் நின்ற பெண்கள் எங்கள் பக்கம் எத்தனை பேர். சொல்ல மாட்டார்கள், அதுதான்.

நான் செய்வது இது: உலர்ந்த துவாயின் நடுவில் பிராவை வைத்து, துவாயைச் சுருட்டி, சுருட்டிய மேல் முழங்காலால் அழுத்துவேன். தண்ணீர் பாதிக்கு மேல் துவாய்க்குப் போய்விடும். அப்புறம் அறைக்குள்ளேயே ஜன்னல் பக்கம். மழை மாதங்களில் ஸ்பொஞ்சை மூட்டை கட்டிவைத்துவிட்டு, மெல்லிய நைலோன் துணியில் தையல் குறைந்த ஒன்றைப் போடுகிறேன், இரவு துவைத்தால் காலையில் போடலாம். வெளிறிய உள்ளாடையைப் பளிச்சாக்கக் குளோரின் பிளீச் ஊற்றாதீர்கள், லாஸ்டிக் நூல் செத்துவிடும், கூடவே மஞ்சளும் பிடிக்கும்.

மழையில் நனைந்த வெள்ளை தனிக் கேஸ். காய்ந்த துணியில் இழைகளுக்கு நடுவே காற்று இருக்கிறது, வெளிச்சம் அங்கே சிதறித்தான் துணி வெள்ளையாகத் தெரிகிறது. அந்த இடத்தைத் தண்ணீர் நிரப்பிவிட்டால் சிதறல் குறைந்து துணி கண்ணாடி மாதிரி ஆகிவிடும். அந்த நேரத்தில் தோல் நிறம் போட்டிருந்தால் கோடாவது விழாது, ஆனாலும் மழைக்குச் சரியான பதில் மேலே ஒரு ஸ்வெட்டர்தான்.

ஆண்கள் சிரித்துக்கொண்டு வாசிக்க வேண்டாம். போன தேர்த் திருவிழாவில் தூறலில் வெள்ளை வேட்டியோடு வடம் பிடித்த என் மச்சான் உள்ளே போட்டிருந்தது நீலக் கோடு போட்ட ஜட்டி, ஊரே பார்த்தது, ஒருவரும் கதவைச் சாத்திவிட்டு வந்து காதில் சொல்லவில்லை. வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைக் கை பெனியன் போட்டாலும் அதே ஓரம் கையில் தெரியும். சாம்பல் நிறம் பாருங்கள், வெள்ளையைவிட எவ்வளவோ மேல்.

நாளைக்கு இந்த வருடப் பரிசளிப்பு விழா. அதே வெள்ளைச் சேலை, அதே ஜாக்கெட். கருப்பட்டி நிறத்து ஸ்பொஞ்ச் பிராவை நல்ல நாளுக்கென்று ஆசையாக ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போட்டேன். இன்றைக்கு மூன்றாம் நாள். இப்போதுதான் போய்த் தொட்டுப் பார்த்துவிட்டு வந்தேன், கீழ் விளிம்பு இன்னும் சில்லென்று இருக்கிறது.