சாக்சன், இடைக்கால ஆங்கிலக் கிராமங்கள்: தேர்வுக்குப் படித்த முறை

ஐரோப்பிய இடைக்காலத் தொல்லியல் தாளில் கிராமக் குடியிருப்புகள் பற்றிய வினாவுக்குப் பலரும் ஊர்ப்பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்கிறார்கள். நான் இரண்டே ஊர்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு சான்றும் மண்ணுக்குள் எப்படிச் சேர்ந்தது என்பதைப் படித்தேன். தேர்வில் அதுவே கைகொடுத்தது.

முதல் ஊர் கிழக்கு இங்கிலாந்தின் சஃபோக்கிலுள்ள வெஸ்ட் ஸ்டோ. லார்க் ஆற்றங்கரையில் 5ஆம் நூற்றாண்டில் தோன்றிய இந்தச் சாக்சன் (இங்கிலாந்தில் குடியேறிய ஜெர்மானிய மக்களின்) ஊரை 1965 முதல் 1972 வரை தொல்லியலாளர் ஸ்டான்லி வெஸ்ட் அகழ்ந்தபோது, ஏறத்தாழ 70 குழிவீடுகளின் (தரையில் பள்ளம் தோண்டி, அதன் மேல் கம்பங்கள் நட்டுக் கூரையிட்ட சிறு கட்டடங்களின்) தடங்களும், சில பெரிய மரக்கூடங்களின் கம்பக்குழிகளும் வெளிப்பட்டன. காற்றடித்துக் குவித்த மணல் மேலே மூடிக்கிடந்ததால் பிற்கால உழவு அவற்றை அழிக்கவில்லை. மரம் மக்கிவிட்டது, கம்பம் நின்ற இடத்தில் நிறம் மாறிய மண்வட்டம் மட்டுமே தெரியும். குழியை நிரப்பிய மண்ணில் மட்கல ஓடுகளும், விலங்கெலும்புகளும், தறியில் நூலை இழுத்துப்பிடிக்கத் தொங்கவிட்ட களிமண் குண்டுகளும் கிடைக்கும். அங்குதான் நிதானம் வேண்டும். வீடு கைவிடப்பட்ட பின் அந்தப் பள்ளத்தை அக்கம்பக்கத்தார் குப்பைக்குழியாக்கியிருந்தால், அதிலுள்ள ஓடுகள் வீடு கட்டப்பட்ட காலத்தைச் சொல்லமாட்டா. பள்ளம் தூர்ந்த காலத்தையே சொல்லும். குழியின் அடிமட்டமே தரையாக இருந்ததா, அதற்கு மேல் பலகைத் தளம் போடப்பட்டிருந்ததா என்ற விவாதத்தையும் இந்த இடத்திலேயே எழுதுவது பொருத்தம். அகழ்ந்த இடத்திலேயே வீடுகளை மீண்டும் கட்டிப் பார்த்த சோதனைகள் அந்த விவாதத்துக்கு நல்ல துணை.

இரண்டாவது, யார்க்‌ஷயரின் வாரம் பெர்சி. வரலாற்றாசிரியர் மாரிஸ் பெரஸ்ஃபோர்டும் தொல்லியலாளர் ஜான் ஹர்ஸ்டும் முன்னின்று நடத்திய அகழாய்வு 1950இல் தொடங்கி 1990 வரை நீண்டது. வீட்டுமனைகளின் எல்லைகள் இன்றும் புல்வெளியில் மேடுபள்ளங்களாகத் தெரிகின்றன. ஒரே மனையில் வீடுகள் திரும்பத் திரும்பக் கட்டப்பட்டதால், சிறு அகழ்வுக்குழிகளைத் தோண்டுவதை விட்டுப் பரந்த பரப்பையே திறந்து தோண்டும் முறை இங்கு வேரூன்றியது. வினாவில் ‘ஆய்வுமுறை’ என்ற சொல் வந்தால் இதை விட்டுவிடாதீர்கள்.

இந்த ஊர் அழிந்ததற்கு 1348–49இன் கொள்ளைநோயைக் காரணமாக எழுதுவது பரவலான வழக்கம். ஆனால் நோய்க்குப் பிறகும் இங்கு மக்கள் வாழ்ந்தார்கள். ஏறத்தாழ 1500ஆம் ஆண்டளவில்தான், விளைநிலம் ஆட்டு மேய்ச்சலுக்கு மாறியபோது, எஞ்சிய குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. மக்கள்தொகை குறைந்ததையும் ஊர் காலியானதையும் தனித்தனிப் பத்திகளில் பிரித்து எழுதுங்கள்.

விடையில் ஒரு குழிவீட்டின் குறுக்குவெட்டுப் படம் கட்டாயம் இருக்கட்டும்: இரு முனைக் கம்பங்கள், அடிமண், நிரப்புமண் அடுக்குகள், ஒவ்வோர் அடுக்கும் எக்கட்டத்தில் சேர்ந்தது என்ற குறிப்பு.